பேரேடு இல்லாத தளபதி

1753-ஆம் ஆண்டு புரட்டாசி. திருமலையில் உற்சவ காலம். நாலா திசைகளிலிருந்தும் பக்தர்கள் மூட்டை முடிச்சுகளுடன் மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அதே பருவத்தில் நெல்லூர்ப் பக்கமிருந்து இன்னொரு கூட்டமும் திருப்பதிக்குக் கிளம்பியது. அதன் தலைவர் முகமது கமால். அவருக்கு நாடு இல்லை, பரம்பரைப் பட்டம் இல்லை, சிபாரிசு செய்ய ஒரு ராஜாவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு படை. குதிரையும் ஆளுமாக ஆயிரக்கணக்கில். படை என்று ஒன்று இருந்தால் அதற்குத் தினமும் சோறு வேண்டும். குதிரைகளுக்குக் கொள்ளு வேண்டும். மாதம் முடிந்தால் சம்பளம் வேண்டும். மலை உச்சியில் பெருமாள் இருந்தார். மலையடியில் பணம் இருந்தது. கமால் மலையடிக்கு வந்தார்.

மாயாஜால நாவல்களிலும் அவற்றைத் தழுவிய திரைத் தொடர்களிலும் கூலிப்படைத் தலைவன் தவிர்க்க முடியாத பாத்திரம். கறுப்புக் கவசம், கன்னத்தில் தழும்பு, கண்ணில் ஈரம் கிடையாது. யார் அதிகம் தருகிறாரோ அவர் பக்கம் வாள் திரும்பும். ஊர் எரிந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டான். எழுத்தாளர்கள் அவனுடைய வாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குதிரைக்குக்கூடப் பெயர் வைக்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. அவனுக்குப் பின்னால் வரும் அந்த ஐயாயிரம் பேருக்கு மாதாமாதம் பட்டுவாடா செய்வது யார்?

18-ஆம் நூற்றாண்டின் ஆற்காட்டுச் சீமையில், அதாவது இன்றைய வட தமிழகமும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளும் சேர்ந்த மண்ணில், எல்லோரையும் ஆட்டிப் படைத்தது அந்த ஒரு கேள்விதான். யார் வீரன், யார் கொள்ளைக்காரன் என்பதையும் கடைசியில் அதுவே தீர்மானித்தது.

வாளுக்கு வாடகை

1749 ஆகஸ்ட்டில் ஆம்பூர் அருகே நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். எதிரணியில் சந்தா சாகிப். சந்தா சாகிப்புக்குப் பின்னால் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலிக்குப் பின்னால் சென்னை ஆங்கிலேயர்கள். பள்ளிக்கூடப் புத்தகங்களில் இது 'கர்நாடகப் போர்' என்று வருகிறது. இரண்டு வியாபாரக் கம்பெனிகள் இரண்டு நவாபுகளின் பெயரால் நடத்திய போர். வாரிசுரிமை யாருக்கு என்பது சண்டையின் வெளித்தோற்றம். வரி வசூல் யாருக்கு என்பதே உள் விவகாரம்.

இந்தப் போரில் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு வந்தவர்கள். அந்தக் காலத்துப் படை திரட்டல் இன்றைய கட்டட வேலைக்கு மேஸ்திரி ஆள் பிடிப்பதைப் போன்றது. ஜமேதார் ஒருவர் நூறு அல்லது ஐநூறு ஆட்களுடன் வருவார். தலைக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு என்று பேரம் முடியும். பணம் ஜமேதார் கைக்கு வரும். அவர் தம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். குதிரைக்காரர்களில் பலருக்குக் குதிரை சொந்தம். அதுதான் அவர்களுடைய முதலீடு, நிலம், வீடு எல்லாம். குதிரை செத்தால் பிழைப்பு போயிற்று. எனவே, நேருக்கு நேர் மோதிக் குதிரையைப் பலி கொடுப்பதைவிட, எதிரியின் தானிய வண்டிகளை மறிப்பதும் காவலில்லாத ஊரைச் சூறையாடுவதும் புத்திசாலித்தனம். ஊர்க்காரர்கள் இதைக் கொடூரம் என்றார்கள். குதிரைக்காரர்கள் பிழைப்பு என்றார்கள்.

பாக்கி விழுந்தால் என்ன ஆகும்? ஆட்கள் தலைவரின் கூடாரத்தைச் சூழ்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே சோறு போகாது, வெளியே அவர் வர முடியாது. 'தர்ணா' என்ற சொல்லை இன்றைய தொழிற்சங்கங்கள் கண்டுபிடிக்கவில்லை. இரக்கமில்லாத படைத்தலைவன் எதிரியைக் கண்டு பயந்தானோ இல்லையோ, தன் ஆட்களைக் கண்டு நிச்சயம் பயந்தான். அவனுடைய கொடூரத்தில் பாதி அந்த பயத்தில் பிறந்தது.

இந்தத் தொழிலின் உச்சாணிக் கொம்பில் இருந்தவர் கூத்தியின் முராரி ராவ். மராட்டியர்; கோர்படே வம்சம். 1751-இல் முகமது அலிக்கு உதவுவதற்காக மைசூர் அவரை அமர்த்தியது. அப்போது ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஒரு சிறு படையுடன் முற்றுகையில் சிக்கியிருந்தார். முராரி ராவ் ஆறாயிரம் குதிரைகளுடன் மேற்கு மலையடிவாரத்தில், ஆற்காட்டிலிருந்து சுமார் 30 மைல் தூரத்தில், முகாம் போட்டு உட்கார்ந்திருந்தார். நகரவில்லை. முகமது அலியின் கை தாழ்ந்திருக்கிறது என்று அவருக்குத் தகவல். தோற்கும் கட்சிக்காகக் குதிரையைக் களைக்கச் செய்வதில் அர்த்தமில்லை. கோட்டை விழாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகே உதவிக்கு வரச் சம்மதித்தார். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், திருச்சியைத் தருவதாகச் சொன்ன வாக்கை முகமது அலி காப்பாற்றவில்லை என்று மைசூர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தபோது, முராரி ராவும் கூடவே சாய்ந்தார். இதில் அவருக்கு உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் மாறினார், வேலை அதே வேலை.

அறுபதாயிரம் வராகன்

முகமது கமால் இந்த உலகத்தின் இரண்டாம் வரிசைக்காரர். சந்தா சாகிப் 1752 ஜூனில் திருச்சி அருகே தலை வெட்டப்பட்டு இறந்தார். போர் ஓய்ந்துவிடவில்லை, ஆனால் வட ஆற்காட்டுப் பக்கம் ஆட்சி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கையில் ஆயுதமும் முன்னால் வேலையில்லாத நாட்களும் உள்ள தலைவர்கள் அங்கங்கே கிளம்பினார்கள். அவர்களில் பெரியவர் கமால். 1753-இல் நெல்லூர் அவர் கைக்குப் போயிற்று. அங்கே ஆட்சி செய்துவந்தவர் நஜிபுல்லா. முகமது அலியின் தம்பி. அவர் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. ஒரு கூலித் தலைவர் நவாபின் தம்பியைத் துரத்திவிட்டு மாகாணத் தலைநகரில் உட்கார்ந்தார். அடுத்துத் திருப்பதி.

ஏன் திருப்பதி? இதற்கான பதிலை எழுதி வைத்திருப்பவர் ராபர்ட் ஓர்ம். சென்னைக் கம்பெனியின் கவுன்சிலில் இருந்தவர். இந்தப் போர்களின் வரலாற்றை 1763 முதல் வெளியிட்டவர். கோயிலுக்கு வரும் காணிக்கையிலிருந்து நவாபின் அரசாங்கத்துக்கு ஆண்டுதோறும் 60,000 வராகன் போய்ச் சேர்ந்தது என்கிறார் அவர். அன்றைய ஆங்கிலக் கணக்கில் 24,000 பவுண்டு. பஞ்சமானால் நிலவரி வராது. போர் நடந்தால் குடியானவன் ஓடிப்போவான். ஆனால் பக்தர்கள் வருவார்கள், காணிக்கை விழும். அதுவும் நெல்லாகவோ பாக்கியாகவோ வராது, ரொக்கமாக வரும். ஆற்காட்டுச் சீமை முழுவதிலும் இப்படி நம்பகமான வருமானம் தரும் இடம் அரிது.

அந்த 60,000 வராகன் அப்போது நவாபுக்கும் போகவில்லை என்பதுதான் விஷயம். தமக்காகப் போர் நடத்திய ஆங்கிலேயர்களுக்குத் தரவேண்டிய செலவுத் தொகையில் ஒரு பகுதிக்கு ஈடாக, முகமது அலி திருப்பதி வருமானத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். ஏழுமலையான் உண்டியலில் விழுந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பேரேட்டில் வரவாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிப்பாய்களின் சம்பளமும் பீரங்கி மருந்தும் செலவாயிற்று. வடை மாலையும் துளசியும் மணக்கும் உற்சவத்தின் ஒரு பகுதி, திருச்சிக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைக்குக் குண்டாகப் போய்ச் சேர்ந்தது.

எனவே கமால் வருகிறார் என்ற செய்தி சென்னைக்கு எட்டியபோது, அது கோயிலுக்கு வந்த ஆபத்தாக மட்டும் படவில்லை. கணக்கில் விழப்போகும் துண்டாகப் பட்டது. ஐரோப்பியர்கள் சில பேர், சிப்பாய்கள், சில பீரங்கிகள் கொண்ட ஒரு சிறு படை கிளம்பியது. உற்சவம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. கமாலின் ஆட்களுடன் ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி. ஆயினும் சண்டையில் கமால் தோற்றார், பிடிபட்டார், கொல்லப்பட்டார். உற்சவத்தின் வரவு சேரவேண்டிய கஜானாவுக்குப் பத்திரமாகச் சேர்ந்தது.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு படைகளும் சம்பளத்துக்குச் சண்டை போட்டவைதான். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே பணம். பக்தன் முடிந்து வைத்திருந்த காசு. இரண்டு படைகளுக்கும் தலைமை தாங்கியவர்கள் அந்த மண்ணுக்கு வெளியாட்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒரு தரப்பின் கையில் நவாபின் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அதைப் பதிவு செய்ய ஒரு பேரேடு இருந்தது. இன்னொரு தரப்பில் இரண்டும் இல்லை. ஓர்மின் வரலாற்றில் கமால் பிழைப்புக்காகப் படை நடத்திய ஒரு சாகசக்காரர். கம்பெனி என்ன என்பதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. வரலாறு எழுதியவர் கம்பெனி ஆள்.

அதே 1753-இல் கிளைவ் லண்டன் போய்ச் சேர்ந்தார். படைகளுக்குச் சாமான் சப்ளை செய்யும் பொறுப்பில் இருந்தபோது கிடைத்த கமிஷன்தான் அவருடைய சொத்துக்கு அடித்தளம். அப்போதே சுமார் 40,000 பவுண்டு என்பார்கள். கம்பெனி இயக்குநர்கள் அவருக்கு 500 பவுண்டு மதிப்புள்ள வைரம் பதித்த வாளைப் பரிசளித்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1773-இல், வங்காளத்தில் அவர் அள்ளியதைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரித்தது. 2,34,000 பவுண்டு பெற்றார் என்று தீர்மானம் போட்டது. அதோடு நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்றும் தீர்மானம் போட்டது. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், கணக்கு நேராயிற்று. கமாலுக்குத் தீர்மானம் போட யாரும் இல்லை.

மஞ்சள் துணிக் கட்டு

பேரேட்டின் மகிமையைப் புரிந்துகொண்ட சிப்பாய் ஒருவர் அந்தக் காலத்தில் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இதில் சுவாரசியம். சித்தூரிலிருந்து அதிக தூரமில்லாத கோலார்ச் சீமையின் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலி அவர். அவர் தந்தை பதே முகமது ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபிடம் சேவகம் செய்தவர். அப்பாவும் மகனும் வாளை நம்பி வேலை தேடிய வர்க்கம்தான்.

1750 டிசம்பரில் செஞ்சி அருகே ஐதராபாத்தின் நாசிர் ஜங் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தில் மைசூர்ப் படையோடு வந்திருந்த ஹைதரின் ஆட்கள் பொற்காசு ஏற்றிய ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார். அதுவரை கமாலுக்கும் ஹைதருக்கும் வேறுபாடு இல்லை. அந்தப் பணத்தை வைத்து ஹைதர் என்ன செய்தார் என்பதில்தான் பாதை பிரிகிறது. அவர் ஆட்களையும் துப்பாக்கிகளையும் சேர்த்தார். கந்தே ராவ் என்ற கணக்கரையும் சேர்த்துக்கொண்டார். கொள்ளையில் கிடைப்பதில் பாதி கொண்டுவந்தவனுக்கு, பாதி தலைவருக்கு என்று விதி வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு. கொள்ளை ஓர் இலாகா ஆயிற்று.

திண்டுக்கல்லில் அவர் பௌஜ்தாராக இருந்தபோது நடந்ததாக வில்க்ஸ் சொல்லும் ஒரு கதை இன்றைய அரசு அலுவலகங்களுக்கும் புரியும். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர் தனிப் படி கொடுத்தது. ஒரு சண்டைக்குப் பிறகு தணிக்கைக்கு ஆள் வந்தபோது, மஞ்சள் துணியால் கட்டுப் போட்ட நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நிஜமாகக் காயம்பட்டவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்களுக்கெல்லாம் கட்டு மட்டும். படி முழுசாக வந்து சேர்ந்தது.

1758-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் படைகள் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தபோது அரண்மனை திகைத்து நின்றது. ஹைதர் வந்தார், பாக்கியைத் தீர்த்தார், கிளப்பிவிட்டவர்களைப் பிடித்தார். படைக்குச் சம்பளம் கொடுப்பவன் எவனோ அவனே ராஜா என்பதை மைசூர் அன்று கண்டது. மூன்றே ஆண்டுகளில் சிம்மாசனத்தில் உட்காராமலே ஹைதர் நாட்டின் அதிபதி ஆனார். எதிர்த்து நின்ற கந்தே ராவை, கிளியைப் போல வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்து, இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டார். மாயாஜாலக் கதைக்காரர்கள்கூட இப்படி ஒரு தண்டனையைக் கற்பனை செய்யத் தயங்குவார்கள். முராரி ராவின் கதையையும் முடித்தவர் ஹைதர்தான். 1776-இல் கூத்தி மலைக்கோட்டை நீண்ட முற்றுகைக்குப் பிறகு பணிந்தது. எந்தப் பக்கம் சாய்வது என்று வாழ்நாள் முழுதும் சரியாகக் கணித்த முராரி ராவ், கப்பால்துர்க்கச் சிறையில் இறந்தார்.

ஹைதருக்கும் சாவு சித்தூர் மண்ணில்தான். 1780-இல் ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிய அவர், சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்தார். எதிரிப் படைக்கு ஒரு பிடி தானியம் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். வெந்தது ஆங்கிலேயரின் வயிறு அல்ல, குடியானவனின் வயிறு. 1782-இல் சென்னை பஞ்சத்தில் துடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில், முதுகில் கிளம்பிய ராஜபிளவை ஹைதரைக் கொன்றது. திப்பு அப்போது மலபார் கரையில். சாவுச் செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடலாம், அல்லது யாராவது விலை பேசிவிடலாம். பொக்கிஷத்தையும் கணக்கையும் பார்த்துவந்த பூர்ணையாவும் கிருஷ்ண ராவும் விஷயத்தை மறைத்தார்கள். உடல் வாசனைத் திரவியங்களுடன் பெட்டியில் வைக்கப்பட்டு, பொக்கிஷம் அனுப்புவது போலக் காவலுடன் கோலாருக்குப் போயிற்று. வாளால் எழுந்த ஒருவரின் கடைசிப் பயணத்தைக் காப்பாற்றியவர்கள் கணக்கர்கள்.

தமிழ்நாட்டுக்கு அதிகம் பழக்கமான பெயர் இன்னொன்று உண்டு. மருதநாயகம் என்ற யூசுப்கான். கமல்ஹாசனின் படம் 1997-இல் எலிசபெத் ராணியின் முன்னிலையில் தொடங்கி நின்றுபோனதால், படம் வராமலே பிரபலமான நாயகர். கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தளபதியாக உயர்ந்தவர் அவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைப் பணத்தையும் கட்டினார். நவாபுக்குக் கீழ்ப்பட்டுத்தான் இருக்க வேண்டும் என்றபோது மறுத்தார். 1763-இலும் 64-இலும் கம்பெனிப் படைகள் மதுரையைச் சூழ்ந்தன. உள்ளே பட்டினி. கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் சம்பளம் வாங்கியவர்களே. அவர்களில் மார்ச்சண்ட் என்ற பிரெஞ்சுக் கூலி வீரரும் ஒருவர். 1764 அக்டோபர் 15-ஆம் தேதி மதுரையில் தூக்கு. ஏவிய இடத்தில் நின்றவரை அவர் தளபதி. தானாக நிற்க முயன்ற அன்று துரோகி.

மலையடிக்கு வந்தவர்கள்

கமால் இறந்ததோடு திருப்பதிக்கு நிம்மதி வந்துவிடவில்லை. எந்த நஜிபுல்லாவை கமால் நெல்லூரிலிருந்து துரத்தினாரோ, அந்த நஜிபுல்லாவே 1757-இல் அண்ணனுக்கு எதிராகக் கலகக் கொடி பிடித்தார். 1758-இல் இன்னொரு தம்பி அப்துல் வகாப் கான் சந்திரகிரிக் கோட்டையில் அமர்ந்துகொண்டு திருப்பதிக்குத் தானே பாதுகாவலர் என்று அறிவித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மராட்டியர்கள் வந்தார்கள். 1782-இல் சந்திரகிரி ஹைதரிடம் சரணடைந்தது. பத்தாண்டுகள் மைசூர் வசம் இருந்தது. விஜயநகர ராயர்கள் கட்டிய மாளிகை இன்றும் நிற்கும் அந்தக் கோட்டையின் அருமை அதன் மதிலில் இல்லை. மலையடியிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது என்பதே அதன் அருமை. கோட்டை யாருடையதோ, 'பாதுகாப்பு' அவருடையது. பாதுகாப்பு யாருடையதோ, பங்கு அவருக்கு.

வந்தவர்களில் முஸ்லிம்கள் உண்டு, மராட்டிய இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. தெய்வத்தின் மேல் யாருக்கும் விரோதம் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. விரோதம் இருந்திருந்தால் கோயிலை இடித்திருப்பார்கள். இடித்தால் அடுத்த புரட்டாசிக்கு யார் வருவார்கள்? பொன் முட்டையிடும் வாத்தின் கதை அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதை மதச் சண்டையாகப் படிக்க இன்று பலருக்கு ஆசை இருக்கலாம். ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. அவை பெரும்பாலும் வராகன் கணக்கையே பேசுகின்றன.

கடைசியாக வந்தவர் நிலைத்தார். 1801-இல் ஆற்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனி வசமாயிற்று. வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எழுதிக் கொடுத்தவரையே எழுதி வாங்கிவிட்டார்கள். சித்தூர்ப் பகுதிப் பாளையக்காரர்கள் தம் பழைய உரிமைகளுக்காகக் கிளர்ந்தபோது படை கொண்டு அடக்கப்பட்டார்கள். 1803-இல் கலெக்டர் ஸ்டிராட்டன் திருமலைக் கோயிலின் வரவுகளையும் செலவுகளையும் பற்றி ஒரு விரிவான அறிக்கை தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினார். 1821-இல் கோயில் நிர்வாகத்துக்கு 'புரூஸ் கோடு' என்ற விதித் தொகுப்பு வந்தது. ஒரு கிறிஸ்தவக் கம்பெனி இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார்கள் எதிர்ப்பு எழுப்பியதால், 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. தேவஸ்தானக் கமிட்டி வந்தது 1933-இல். கமால் சில நாட்களில் செய்ய நினைத்ததைக் கம்பெனி, 1801-லிருந்து மட்டும் கணக்கிட்டால்கூட, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக, ரசீதுடன், விதிப்படி செய்தது. ஒழுங்காகச் செய்ததால் பக்தனுக்கு வழிப்பறி பயம் குறைந்தது என்பதும் உண்மை. நியாயமாகப் பார்த்தால் அதையும் வரவில் எழுத வேண்டும்.

'கூலிப்படை' என்றால் இன்று தமிழ்ச் செய்தித்தாள்களில் அரிவாளும் மோட்டார் சைக்கிளும்தான். சொல் சிறுத்துவிட்டது, தொழில் சிறுக்கவில்லை. 1988 நவம்பரில் மாலத்தீவு அரசைக் கவிழ்க்க அந்நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் அமர்த்தியது இலங்கைத் தமிழ் இயக்கமான பிளாட்டின் ஆட்களை. இந்திய பாராசூட் படை இறங்கியதும் ஒரே இரவில் அந்த முயற்சி முடிந்தது. 2023 ஜூனில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படைத் தலைவர் பிரிகோஷின் மாஸ்கோவை நோக்கிப் படை நடத்தினார். கலகம் அடங்கிய மூன்றாம் நாள் அதிபர் புடின் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கணக்கைப் பகிரங்கமாகப் படித்தது: ஓராண்டில் வாக்னர் ஆட்களுக்கு அரசு கொடுத்தது 8,600 கோடி ரூபிள். அதுவரை அந்தப் படைக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவந்த அரசு அது. இரண்டு மாதங்களில் பிரிகோஷின் விமான விபத்தில் இறந்தார். அதே போருக்கு, உதவியாளர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் முன்னணிக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் உயிருடன் திரும்பவில்லை.

தளபதியின் பெயராவது ஏதோ ஒரு மூலையில் பதிவாகிறது. 1753-இல் திருப்பதிக்கு அருகே கமாலுக்காகச் செத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுடைய குதிரைகள் என்ன ஆயின என்பதும் தெரியாது. அந்தப் புரட்டாசியில் மலையேறிய பக்தனுக்கோ, தன் காணிக்கையில் ஒரு பங்கு எந்தப் படைக்குச் சம்பளமாகப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவன் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டுக் கும்பிட்டான். கீழே, சம்பளத்துக்கு நின்ற ஒரு படை அந்தக் காசைச் சம்பளத்துக்கு வந்த இன்னொரு படையிடமிருந்து காவல் காத்துக்கொண்டிருந்தது.